நான்காம் கத்தியில் ஒரு நீலம்

மார்ச் 3, ஞாயிறு

நான்காம் கத்தியில் நீலம் பாய்ந்திருக்கிறது.

முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வெட்டும் விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு. போன ஞாயிறு இல்லை. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் ஒன்பது கத்திகளையும் வெளியே எடுத்து, பஞ்சுக் கையுறை மாட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்து, எண்ணெய் தடவி உள்ளே வைக்கிறவன் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இவை கடையில் தொங்கும் கத்திகள் இல்லை. டமாஸ்கஸ். இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, மடித்து, மறுபடி அடித்து, கடைசியில் அமிலத்தில் தோய்ப்பார்கள். ஒரு எஃகு கறுக்கும், இன்னொன்று வெளுத்து நிற்கும். தண்ணீர் ஓடிய தடம் மாதிரி வரிகள் எழும்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, நான்காவதில் மழைத்துளி. ஒன்பதில் மெல்லியது அதுதான். சமையல் கத்தி வடிவம். ஆனால் சமையலறைப் பக்கம் போனதில்லை, போகவும் கூடாது. அந்தக் கறுத்த எஃகு துருப்பிடிக்கிற ஜாதி. புளிப்பு பட்டால் நீலம் பாயும்.

ஆக, புளிப்பு பட்டிருக்கிறது. தானாகப் படாது. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில். இன்னொன்று பீரோவில், துணிகளுக்கு அடியில். வீட்டில் நான்கு பேர் – நான், மனைவி, மகன், மருமகள். என்னைக் கழித்தால் மூன்று.

முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் அளவுச் சோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே எங்களுக்கு ஒரே சட்டம். சரி என்று தெரியும்வரை எல்லா உருப்படியும் கழிவுதான்.

மார்ச் 4, திங்கள்

முகர்ந்து பார்த்தேன். கைப்பிடி முடிகிற இடத்தில் வெங்காயம். சந்தேகமே இல்லை.

சாப்பிடும்போது பொதுவாகக் கேட்டேன். "என் அலமாரிய யாராவது தொட்டீங்களா?"

மகன் சிரித்தான். "அதத் தொட்டா கை வெந்துடும்னு வாங்கின அன்னைக்கே சொல்லிட்டீங்களேப்பா." அவனுக்குக் கத்தியும் கரண்டியும் ஒன்று. எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறான். பட்டியலில் அவன் பெயரை அடித்துவிடலாம்.

மருமகள் சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். மேசையிலேயே செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

மனைவி தட்டை இரண்டு கையாலும் பிடித்து எடுத்துப் போனாள். பதற்றமா? மருமகளுக்காகப் பதறுகிறாளா?

மார்ச் 6, புதன்

அலமாரிக் கதவின் இரண்டு குமிழுக்கும் நடுவே ஒரு கறுப்பு நூல் கட்டினேன். கண்ணுக்குத் தெரியாது. திறந்தால் அறும்.

மார்ச் 7, வியாழன்

நூல் அறவில்லை.

மார்ச் 8, வெள்ளி

நூல் அறவில்லை. ஆனால் –

லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நான் கட்டியது கறுப்பு. இப்போது இருப்பது கருநீலம். முடிச்சும் என்னுடையது இல்லை. என் முடிச்சு முரட்டு முடிச்சு. இது நேர்த்தியான முடிச்சு. நூலோடு பழகிய கை.

இந்த வீட்டில் தையல் மெஷின் யாருடையது? மாடி அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க துணி தைப்பது யார்?

இது ஏதோ ஆசைக்கு எடுத்துப் பார்த்த விஷயம் இல்லை. அறுந்த நூலுக்கு வேறு நூல் கட்டி வைக்கிற அளவுக்கு யோசனை. அப்படியென்றால் பெரிய காரணம் இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

கடிகாரக்காரர் வந்தார். கடைவீதியில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். அவரிடம் பதினான்கு டமாஸ்கஸ் இருக்கின்றன. நான்காம் கத்தியின் மேல் அவருக்கு இரண்டு வருடமாகக் கண். நீலத்தைக் காட்டியதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"போச்சு சார். ஒரு தடவை வெங்காயம் பார்த்துட்டா அப்புறம் அது சேகரிப்பு இல்ல. காய்கறிக் கத்தி."

"யார் எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"என்னைக் கேக்கறீங்களே, நான் மாசத்துக்கு ஒரு தடவை வர்றவன். வீட்டுக்குள்ள தேடுங்க."

இதை அவர் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் நான் தேநீர் எடுத்துவரப் போனபோது அவர் தனியாகத்தான் இருந்தார். ஆனால் நூல்? அவர் வந்தா நூல் மாற்றினார்? இல்லை. அவரைக் கழித்தாயிற்று. முழுதாகக் கழிக்கவில்லை.

கைப்பிடியில் அவர்தான் இன்னொன்றைக் காட்டினார். விரலில் ஒட்டும் பசை. சுற்றிலும். துடைத்திருக்கிறார்கள், முழுக்கப் போகவில்லை. "ஏதோ சீட்டு ஒட்டிக் கிழிச்ச மாதிரி இருக்கே" என்றார்.

சீட்டு எதற்கு ஒட்டுவார்கள்? விற்கிற சாமானுக்குத்தான் ஒட்டுவார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

பத்து மணிக்கு, வழக்கம்போல நூலகம் போகிற மாதிரி கிளம்பி, தெருமுனை மருந்துக்கடை நிழலில் நின்றேன். இருபது நிமிடத்தில் மருமகளும் மனைவியும் வெளியே வந்தார்கள். பதினொன்றே முக்காலுக்குத் திரும்பினார்கள். கேட்டால் "கடைக்குப் போனோம்" என்றார்கள். கையில் பை இல்லை. ஒரு தீப்பெட்டிகூட வாங்காமல் என்ன கடை?

போன வெள்ளியும் இப்படித்தான் போனதாக நினைவு.

இவளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டுவிட்டாள். முப்பத்தி நான்கு வருடம் என்னோடு இருந்தவளை!

மார்ச் 14, வியாழன்

மருமகள் மாடிப்படியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இந்த வாரமே முடிவு பண்ணச் சொல்றாங்க" – அது மட்டும் காதில் விழுந்தது.

யார் சொல்கிறார்கள்? வாங்குகிறவனா?

மார்ச் 15, வெள்ளி

பிடித்துவிட்டேன்.

நூலகத்துக்குப் போய்ப் பத்தே நிமிடத்தில் திரும்பினேன். செருப்பை வாசலிலேயே கழற்றினேன். அலமாரி திறந்திருந்தது. நான்காம் கத்தி இருக்கிற இடம் காலி. சமையலறையில் மெல்லிய பேச்சு. போய் நின்றேன்.

கத்தி மருமகள் கையில். ஈரம். பலகையில் பாதி நறுக்கிய தக்காளி. மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி, கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் மாமா எடுத்தேன்" என்றாள் மருமகள். நான் கேட்பதற்கு முன்பே.

"எதுக்கு?"

"தக்காளி நறுக்க."

"இந்த வீட்ல வேற கத்தியே இல்லையா?"

"இருக்கு. மொக்கை."

அந்தத் தைரியம்! மனைவி "ஏங்க, அது வந்து –" என்று ஆரம்பித்தாள். மருமகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். இவள் வாய் மூடிக்கொண்டது. மாமியாரைக் கண்ணாலேயே அடக்குகிறாள். எனக்கு என்ன ஏறியதோ.

"தக்காளி நறுக்கறதுக்கா நூல மாத்திக் கட்டின? கைப்பிடியில எதுக்குப் பசை? யாருகிட்ட விக்கப் போற? அதச் சொல்லு முதல்ல."

அவள் கத்தியைக் கழுவினாள். துடைத்தாள். பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். மாடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் மகன் வந்து நின்றான். "அவளத் திருடின்னு சொன்னீங்களா?"

"அப்படி ஒரு வார்த்தை நான் சொல்லல."

"வேற எந்த வார்த்தை சொன்னீங்க?"

சொன்னேன். அவன் மாடிப்படி ஏறிப் போனான்.

மார்ச் 17, ஞாயிறு

மகனும் மருமகளும் போய்விட்டார்கள். அவனுடைய நண்பன் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாம். தையல் மெஷினைக் கயிறு கட்டி இறக்கினார்கள். மனைவி தெருவரைக்கும் போய், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அப்படி என்ன வசியம் பண்ணிவிட்டாள்?

அலமாரிக்குப் புதுப் பூட்டு. இரண்டு சாவியும் என்னிடம்.

வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்?

மார்ச் 20, புதன்

மனைவி தேவைக்கு மட்டும் பேசுகிறாள். சமையலில் பழி தீர்க்கிறாள் என்று நினைக்கிறேன். வெங்காயம் நறுக்கின மாதிரியே இல்லை. பிய்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது. நேற்று உருளைக்கிழங்கை முழுசாக வேகவைத்து அப்படியே வைத்தாள். இன்று பீன்ஸ். தட்டு ஓரத்தில் ஒதுக்கி வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். பதினோரு மில்லிமீட்டரிலிருந்து அறுபத்தி நான்கு வரை. முப்பத்தி நான்கு வருடத்தில் இவள் கை இப்படி ஒருநாளும் தப்பியதில்லை.

அளந்ததை அவள் பார்த்துவிட்டாள். ஒரு டம்ளர் கீழே விழுந்தது. போட்டாளா, விழுந்ததா?

மார்ச் 23, சனி

நான்காம் கத்தியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்க, அதை அடித்தவரிடமே எடுத்துப் போனேன். ஊரின் மறுகோடியில் பட்டறை, இரண்டு பஸ். நெருப்பில் கருகிய இடது புருவம் அவருக்கு இன்னும் முளைக்கவில்லை.

கத்தியைக் கையில் வாங்கியதும், "அட, இத வெச்சு சமைக்கிறாங்களா! யார் சார்?" என்றார். குரலில் சந்தோஷம். எனக்கு எரிச்சல்.

"சமைக்கக் கூடாதுன்னுதானே வெச்சிருந்தேன்."

"கூடாதுன்னா நான் எதுக்கு சார் இவ்வளவு மெல்லிசா தட்டினேன்?" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் தடவினார். மோந்தார். "பிளாஸ்திரிப் பசை. துணி சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்திரி போட்டு, பிடியத் தடியாக்கிருக்காங்க. வேலை முடிஞ்சதும் உரிச்சு எண்ணெய் வெச்சுத் தேச்சிருக்காங்க."

"தடியாக்கி?"

"கை மரத்துப்போனவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. இங்க சுத்தியல் அடிச்சு அடிச்சு விரல் மடங்காமப் போன ஆளுங்களும் பிடிக்குத் துணி சுத்துவாங்க. மெல்லிசா இருந்தா கையில நிக்காது. இதோ, முதுகுப் பக்கம் வரி மங்கிருக்கு பாருங்க. விரலால பிடிக்கல, உள்ளங்கைய மேல வெச்சு அழுத்திருக்காங்க. கூரா இருக்கறதால வெட்ட முடிஞ்சிருக்கு. இவங்ககிட்ட ஒரு மொக்கைக் கத்தியக் குடுத்துப் பாருங்க, பிச்சுத்தான் போடுவாங்க."

வரியைப் பற்றிக் கேட்டேன். தேய்த்துவிட்டு மறுபடி அமிலத்தில் போட்டால் அதே வரி திரும்ப வரும், மேலே பூசிய பூச்சு இல்லையே, உள்வரைக்கும் அதேதான் என்றார். தொழில்காரர் பேச்சு. வேலை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. கத்தியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் பஸ்ஸில் மருமகளின் விரல்களை நினைத்துப் பார்த்தேன். ஊசியில் நூல் கோக்கிற விரல்கள். மரத்துப்போன கையால் அப்படி முடிச்சுப் போட முடியுமா?

இரண்டாவது பஸ்ஸில் – பீன்ஸ்.

நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். நடந்து திரும்பினேன்.

மார்ச் 24, ஞாயிறு

இன்று அலமாரியைத் திறக்கவில்லை.

காலையில் தேநீர் கொண்டுவந்தாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தொழுகிற மாதிரி. எத்தனை நாளாக இப்படிக் கொண்டுவருகிறாள்? தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை!

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டு."

காட்டினாள். வலது கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் சதை பள்ளமாகிவிட்டது. என் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். பிடித்தாள். ஒரு குழந்தை பிடிக்கிற மாதிரிகூட இல்லை.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதாம். ஏழு மாதமாம். செவ்வாயும் வெள்ளியும் போனது ஆஸ்பத்திரிக்கு, கைப் பயிற்சிக்கு. அறுவை சிகிச்சை பண்ணிவிடலாம் என்று டாக்டர் சொல்லி, இவள் தள்ளிப்போட்டிருக்கிறாள். போனில் "இந்த வாரமே முடிவு பண்ணச் சொல்றாங்க" என்று மருமகள் பேசியது அதைத்தான். சாதாரணக் கத்தியை அழுத்த முடியவில்லை. மருமகள்தான் நான்காவதை எடுத்து, பிடிக்குத் துணி சுற்றிக் கொடுத்திருக்கிறாள். இவள் நறுக்குவாள். அவள் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு, நான் நூலகத்திலிருந்து வருவதற்குள் உள்ளே வைப்பாள். "நானே நறுக்கித் தர்றேன் அத்தை"ன்னு சொல்லிருக்கா. இவதான் கேக்கல. "என் சமையல நான்தான் பண்ணுவேன்"ன்னுருக்கா. அன்றைக்குக்கூட பாதித் தக்காளி இவள் நறுக்கியதுதான். என் காலடி கேட்டதும் மருமகள் கத்தியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தட்டுல ஓரம் உடைஞ்சாத் தூக்கிப் போடுவீங்க. டம்ளர்ல கீறல் விழுந்தாத் தூக்கிப் போடுவீங்க. இந்த வீட்ல பழுதான சாமான் ஒண்ணாவது இருக்கா, சொல்லுங்க. என் கையையும் லென்ஸ் வெச்சுத்தான் பார்ப்பீங்க. அப்புறம் சமையலுக்கு ஒரு ஆளப் போட்டு என்ன ஒரு மூலையில உக்கார வெப்பீங்க. அதான் சொல்லல."

"அவளத் திருடின்னு சொன்னப்பவாவது –"

"சொல்லிருக்கணும். அவ வேண்டாம்னு கண்ணக் காமிச்சா. நான் பயந்துட்டேன். தப்பு என்னோடதும்தான். அத நெனச்சுத்தான் ஒன்பது நாளா சோறு எறங்கல."

முப்பத்தொரு வருஷம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கண்டுபிடிச்ச கண்ணு இது. என்னத்தப் பார்த்துது?

மார்ச் 25, திங்கள்

மருமகளைப் பார்க்கப் போனேன். பேச வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் நான்கு வரியாக எழுதி எடுத்துப்போனேன். மாடியேறியதும் தாள் எந்தப் பையில் என்று தெரியவில்லை.

நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். மெஷினில் போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஓட்டினாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன், மெஷின் சத்தத்துக்கு மேல்.

அந்த மடிப்பு முடியும்வரை ஓட்டினாள். பிறகு நிறுத்தினாள். "அத்தை சொன்னாங்களா, நீங்களா கண்டுபிடிச்சீங்களா?"

"பாதி நானா கண்டுபிடிச்சேன். பாதி அந்தக் கத்தி அடிச்சவர் சொன்னார்."

"அப்போ அத்தையப் பார்த்து இல்ல. கத்தியப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

நூல்கண்டை மாற்றிக்கொண்டே அவள், "உங்க நூல் கறுப்புன்னு எனக்குத் தெரியும் மாமா. கறுப்பு தீர்ந்துபோச்சு. கருநீலம் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

"வீட்டுக்கு வந்துடுங்கம்மா ரெண்டு பேரும்."

"அத்தை ஆபரேஷனுக்கு நான் வர்றேன். கூட இருக்கேன். வீட்டுக்கு வர்றதப் பத்தி இப்போ கேக்காதீங்க மாமா. நீங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு."

சரி என்றேன். கேட்டதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

அறுவை சிகிச்சை. இருபத்தைந்து நிமிடம். மருமகள் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். டாக்டர் என்ன எஃகு உபயோகிக்கிறார் என்று கேட்க வாய் வரை வந்தது. மகன் முறைத்தான். கேட்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

மனைவி கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டு நாற்காலியில். நான் அடுப்படியில். சமையலுக்கு ஆள் போட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

நான்காம் கத்திதான். பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. வெங்காயத்தில் வைத்தேன், அழுத்துவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிட்டது. சத்தம்கூட இல்லை. அடுத்த கணம் என் விரலிலும் சத்தமில்லாமல் இறங்கியது.

"விரல உள்ள மடக்கிக்கணும்" என்றாள். "பதினோரு வருஷமா வெச்சிருக்கீங்க, பிடிக்கத் தெரியல." ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கடிகாரக்காரர் வந்தார். அலமாரியில் எட்டுதான் இருப்பதைப் பார்த்து, நான்காவதை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டார். சமையலறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். வரியெல்லாம் நீலமும் சாம்பலுமாக மாறி, மழைத்துளி தேடித்தான் தெரிகிறது.

"இது இப்படிப் போச்சு, மத்த எட்டையாவது என்கிட்டக் குடுத்துடுங்க" என்றார்.

அந்த எட்டைத் தர மாட்டேன். இன்றைக்கும் கையுறை மாட்டி, லென்ஸ் வைத்து, எண்ணெய் போட்டுத்தான் வைத்தேன். நான் அடியோடு மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். இவர் ஏன் நான்காவதை அவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்தார் என்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

மனைவியைக் கைப் பயிற்சிக்கு அழைத்துப்போக மருமகள் வந்தாள். திரும்பி வந்ததும் சாப்பிட்டுப் போகச் சொன்னேன். உட்கார்ந்தாள். பீன்ஸைப் பார்த்து, "யார் மாமா நறுக்கினது?" என்றாள். நான்தான் என்றேன். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் மருமகள் போன் பண்ணினாள். அத்தையிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. என்னிடமே கேட்டாள்.

"மாமா, நம்ம வீட்டு மாடி அறை மேற்கு ஜன்னல் மூடுமா? மழை வந்தா மெஷின் நனையும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மேலே போனேன். ஜன்னல் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. சுரண்டி, எண்ணெய் விட்டு, நாலைந்து தடவை இழுத்துத் தள்ளினேன். ஒரு குடம் தண்ணீரை மொட்டை மாடியிலிருந்து ஜன்னல் மேல் ஊற்றி, உள்ளே வந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

போன் பண்ணி, மூடும் என்றேன்.